நான் எழுதிக் கொடுத்த பட்டியல்

கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது படிங்க.

2024 ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த வாரம் இதே பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருந்தேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எங்க ஏரியா தொடக்கப்பள்ளி நோட்டீஸ் போர்டுல ஒட்டின ஒரு ஏ4 தாள். இடது பக்கம் பச்சை மையில "கொண்டு வரலாம்". வலது பக்கம் சிவப்பு மையில "கொண்டு வரக்கூடாது". பழம், சுண்டல், முளைகட்டிய பயறு, பாதாம், அவிச்ச கடலை எல்லாம் பச்சைப் பக்கம். பிஸ்கட், சிப்ஸ், கேக், ஜூஸ் பாக்கெட், சாக்லேட் எல்லாம் சிவப்புப் பக்கம்.

எழுதிக் கொடுத்தது நான்தான். லைக் குவிஞ்சது. "எங்க ஸ்கூலுக்கும் அனுப்புங்க டாக்டர்"னு இன்பாக்ஸ்ல வந்து கேட்டவங்க நிறைய பேர். எல்லாருக்கும் அனுப்பினேன்.

அப்படி வாங்கிட்டுப் போனவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதறேன். அந்தத் தாள் இன்னும் உங்க பள்ளிச் சுவர்ல ஒட்டியிருந்தா, படிச்சு முடிச்சதும் தயவுசெஞ்சு கிழிச்சிடுங்க.

முதல்ல அதை ஏன் எழுதினேன்னு சொல்லிடறேன்.

நான் திருப்பூர்ல குழந்தைகள் டாக்டர். "கழுத்துல அழுக்கு படிஞ்சிருக்கு டாக்டர், எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது"ன்னு சொல்லிக்கிட்டு வர்ற அம்மாக்கள் வருஷா வருஷம் கூடிக்கிட்டே இருக்காங்க. பாவம், கடலை மாவு போட்டு, பீர்க்கங்காய் நாரு போட்டுத் தேய்ச்சு, சில குழந்தைங்களுக்குத் தோலே புண்ணாகியிருக்கும். அது அழுக்கு இல்லை. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னு தோல் காட்டுற அடையாளம். எட்டு வயசு, ஒன்பது வயசுப் பிள்ளைங்க. என்ன சாப்பிடறாங்கன்னு கேட்டா, பாதிக்கு மேல பாக்கெட் சமாச்சாரம்தான்.

அந்தக் கோபம் உள்ள இருந்துச்சு. அந்த நேரத்துலதான் பெரிய டீச்சர் கூப்பிட்டாங்க. அரசு உதவி பெறும் பள்ளி, ஒண்ணுலிருந்து அஞ்சு வரைக்கும் 112 பிள்ளைங்க. "ஏனுங்க மேடம், பசங்க டப்பாவைத் திறந்தா பூராவும் கலர் கலரா பாக்கெட்டாத்தான் இருக்குதுங்க. நீங்க ஏதாவது எழுதிக் குடுத்தீங்கன்னா, டாக்டரே சொல்லிட்டாங்கன்னு பெத்தவங்ககிட்டச் சொல்லிக்கலாமுங்க."

ஒரு ராத்திரி, அரை மணி நேரம், எழுதிக் கொடுத்துட்டேன். அரை மணி நேரத்துல எழுதினதுங்கிறதையும் ஒத்துக்கிட்டாகணும்.

முதல் ரெண்டு மாசம் அமோகமா நடந்துச்சு. ஒவ்வொரு வகுப்புலயும் காலையில டப்பா செக்கிங். லீடர் பிள்ளை டப்பாவைத் திறந்து பார்த்துச் சொல்லும், பச்சைப் பக்கத்துல இருக்கற பண்டம்னா சார்ட்ல ஒரு ஸ்டார். சிவப்புப் பக்கத்துலன்னா டீச்சர் வாங்கி பீரோவுல வெச்சு சாயங்காலம் திருப்பிக் கொடுப்பாங்க. நானே ஒருநாள் போய், நிறைய ஸ்டார் வாங்கின பிள்ளைங்களுக்குப் பென்சில் பாக்ஸ் கொடுத்து, கைதட்டி, போட்டோ எடுத்துட்டு வந்தேன்.

அந்த போட்டோவை இப்ப எடுத்துப் பார்த்தா ஒண்ணு தெரியுது. பரிசு வாங்கின ஆறு பேர்ல அஞ்சு பேர் வீட்டுல பாட்டியோ, வேலைக்குப் போகாத அம்மாவோ இருந்தாங்க. நான் பரிசு கொடுத்தது அந்தப் பிள்ளைங்களோட சாப்பாட்டுப் பழக்கத்துக்கு இல்லை. காலையில அடுப்படியில நிக்க ஒரு ஆள் இருக்கற வீட்டுக்கு.

ஆகஸ்ட் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்றே முக்கால் இருக்கும். ஓபி நடந்துட்டிருக்கு. ஒண்ணாம் வகுப்பு டீச்சரும் பள்ளி ஆயாம்மாவும் ஒரு பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. ஆறு வயசு. ஒல்லியான உடம்பு. ஜில்லுன்னு வேர்த்திருந்துச்சு. கூப்பிட்டா கண்ணைத் திறக்கும், மறுபடி சொக்கும். ரெண்டு தடவை வாந்தி.

விரல்ல குத்திப் பார்த்தேன். சர்க்கரை 54.

முழுங்கற அளவுக்கு நினைவு இருந்ததால குளுக்கோஸ் தண்ணியைக் கரண்டி கரண்டியாக் கொடுத்தேன். (சுத்தமா நினைவில்லாத குழந்தைக்கு வாய் வழியா எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க.) கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்த்தப்ப 92. எழுந்து உட்கார்ந்து, "வீட்டுக்குப் போலாமா"ன்னு கேட்டுச்சு.

அதுக்கப்புறம்தான் டீச்சர்கிட்ட விசாரிச்சேன். முந்தின நாள் ராத்திரி லேசாக் காய்ச்சல், ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருக்கு. காலையில ஒண்ணும் சாப்பிடலை. பையில அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு இருந்திருக்கு.

"அது இப்ப எங்க டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்லலை. கண்ணு கலங்கிடுச்சு. பீரோவுல இருந்துச்சு அந்த பாக்கெட்.

டீச்சர் மேல தப்பு கிடையாது. அவங்க டாக்டர் எழுதினதைச் செஞ்சாங்க. "சர்க்கரை வேண்டாம்"னு சிவப்பு மையில எழுதின அதே கையாலதான் அன்னைக்கு அந்தப் பாப்பாவுக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுத்தேன்.

சின்னப் பிள்ளைங்க ஏன் இப்படி ஆகறாங்கன்னு சுருக்கமா: நாம சாப்பிடாத நேரத்துல கல்லீரல்ல இருக்கற சேமிப்புதான் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கும். ஆறு வயசுல, அதுவும் ஒல்லியான குழந்தைக்கு, அந்தச் சேமிப்பு ரொம்பக் கம்மி. மூளையோ உடம்பு சைஸுக்குப் பெருசு, அதுக்குச் சர்க்கரை நிறைய வேணும். ராத்திரி எட்டரைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அடுத்த நாள் பதினொன்றே முக்கால் வரைக்கும்னா பதினஞ்சு மணி நேரம். பெரியவங்க தலைவலியோட சமாளிச்சிடுவோம். குழந்தை சமாளிக்காது. காய்ச்சல் இருந்தா இன்னும் சீக்கிரம் இறங்கும்.

அந்த பிஸ்கட் நொறுக்குத்தீனி இல்லைங்க. அதுதான் அவளோட காலைச் சாப்பாடு.

சாயங்காலம் அவங்க அம்மா வந்தாங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ஊர் தேனி பக்கம், இங்க வந்து நாலு வருஷம். நான் திட்டு வாங்கத் தயாராத்தான் உட்கார்ந்திருந்தேன். அவங்க திட்டலை. "மன்னிச்சிருங்க மேடம், இனிமே பிஸ்கட் குடுத்து விடமாட்டேன்"னாங்க.

அதுக்குத் திட்டியிருக்கலாம்.

"காலையில என்ன நடக்கும், சொல்லுங்க"ன்னு கேட்டேன். அஞ்சு மணிக்கு எழுந்து சோறாக்கணும். தண்ணி வர்ற நாள்னா நாலரைக்கே. ஏழே முக்காலுக்கு கம்பெனி வண்டி. பாப்பா ஏழரைக்குத்தான் எழுந்திரிக்கும். எழுந்தவுடனே இட்லியை ஊட்டினா துப்பிடும். பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போவாங்க, அவங்க ஒன்பது மணிக்குப் பள்ளியில கொண்டு போய் விடுவாங்க. ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வர்றப்ப எட்டரை ஆகிடும்.

"வாழைப்பழம் ஒண்ணு வெச்சு விடலாம்ல?"ன்னு கேட்டேன். புத்திசாலித்தனமாக் கேட்டதா எனக்கு நினைப்பு.

"வெச்சேன் மேடம். புத்தகத்துக்கு நடுவுல நசுங்கிப் போச்சு. நோட்டு பூரா ஆகி டீச்சர்கிட்டத் திட்டு வாங்கினா."

"சுண்டல் டப்பாவுல போட்டு?"

"அந்த டப்பா மூடியை அவளால திறக்க முடியாது மேடம். கேட்டா டீச்சர் திறந்து குடுப்பாங்க, ஆனா இவ கேக்க மாட்டா. பாக்கெட்டுன்னா பல்லால கடிச்சுப் பிரிச்சுக்குவா."

பதினாறு வருஷமா டாக்டரா இருக்கேன். குழந்தைங்க சாப்பாடு பத்தி எத்தனையோ மேடையில பேசியிருக்கேன். ஆறு வயசுக் கைக்கு டப்பா மூடியைத் திறக்கற பலம் இருக்கான்னு ஒருநாளும் யோசிச்சதில்லை. அஞ்சு ரூபாய்க்கு, நசுங்காம, கெடாம, குழந்தை தானே பிரிச்சுச் சாப்பிடற மாதிரி ஒரு பொருள். அந்த அம்மா ரொம்ப யோசிச்சுத்தான் அந்த பிஸ்கட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாங்க. யோசிக்காம இருந்தது நான்.

பிஸ்கட் நல்லதுன்னு சொல்ல வரலை. குளுக்கோஸ் பிஸ்கட்ல ஏறக்குறைய கால்வாசி சர்க்கரை, மிச்சத்துல பெரும்பகுதி மைதா. ஆனா அதை எடுத்துட்டு அந்த இடத்துல என்ன வெச்சோம்? ஒண்ணும் வைக்கலை. ஒரு ஸ்டாரை இல்லைன்னு காட்டினோம், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணும் தெரிய வந்துச்சு. மூணாம் வகுப்புப் பசங்க ரெண்டு பேர் செக்கிங்குக்குப் பயந்து பாக்கெட்டை டவுசர் பாக்கெட்ல மறைச்சு வெச்சு, இன்டர்வெல்ல கக்கூஸ்ல நின்னு சாப்பிட்டிருக்காங்க. ஆயாம்மா பார்த்துட்டுச் சொன்னாங்க. ஆரோக்கியத்துக்காக நான் போட்ட விதி, பிள்ளைங்களைக் கக்கூஸ்ல நிக்க வெச்சுச் சாப்பிட வெச்சிருக்கு.

பட்டியலைக் கிழிச்சாச்சு. ஆனா கழுத்து கறுத்து வர்ற பிள்ளைங்களும் நிஜம்தானே. அதே வகுப்புலதான் அவங்களும் இருக்காங்க. 2016-18ல நாடு முழுக்க நடத்தின விரிவான ஊட்டச்சத்து ஆய்வு, அஞ்சுலிருந்து ஒன்பது வயசுப் பிள்ளைங்கள்ல ஐந்தில் ஒருத்தருக்கு மேல வயசுக்கேத்த உயரம் இல்லைன்னு சொல்லுச்சு. அதே ஆய்வு, அதே வயசுல பத்தில் ஒருத்தருக்கு ரத்தச் சர்க்கரை, நோய்க்கு முந்தின நிலையில இருக்குன்னும் சொல்லுச்சு. ஒரே பெஞ்சுல ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க. என் கிளினிக்குக்கு ஃபீஸ் கொடுத்து வர்ற குழந்தையை மனசுல வெச்சு நான் எழுதின பட்டியல், பக்கத்துல உட்கார்ந்திருந்த குழந்தையோட சாப்பாட்டைப் பிடுங்கிடுச்சு.

அப்புறம்தான் நிதானமா உட்கார்ந்து சட்டத்தைப் படிச்சேன். முதல்லயே படிச்சிருக்கணும். பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான, சரிவிகித உணவு பத்தி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல ஒழுங்குமுறை விதிகள் கொண்டு வந்துச்சு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்கற உணவைப் பள்ளி கேன்டீன்லயோ, வாசல்லிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளயோ பிள்ளைங்களுக்கு விக்கக்கூடாது, விளம்பரம் பண்ணக்கூடாது. சாரம் இதுதான்.

கவனிச்சீங்களா? இந்த விதி யாரைப் பார்த்துப் பேசுது? விக்கறவங்களை, விளம்பரம் பண்றவங்களை, பள்ளி நிர்வாகத்தை. குழந்தையோட டப்பாவைத் திறந்து பாருன்னு இல்லை. நாங்க பெரியவங்க பக்கம் திரும்பவே இல்லை. திறக்க ரொம்ப சுலபமான இடம்னு குழந்தையோட பையைத் திறந்துட்டோம்.

விளம்பரம்னு படிச்சதும் பெரிய டீச்சரும் நானும் பள்ளியை ஒரு சுத்து சுத்தி வந்தோம். எங்க பள்ளியில ஏதுங்க விளம்பரம்னு சொல்லிக்கிட்டேதான் நடந்தாங்க. நாலாம் வகுப்புல மாட்டியிருந்த டைம் டேபிள் அட்டையோட கீழ்ப்பாதி முழுக்க ஒரு மால்ட் பவுடர் விளம்பரம். யாரோ இலவசமாக் கொடுத்துட்டுப் போனது, ரெண்டு வருஷமாத் தொங்குது. ('ஹெல்த் டிரிங்க்'னு ஒரு வகையே நம்ம உணவுச் சட்டத்துல கிடையாது. அந்தத் தலைப்புலிருந்து இந்த பானங்களை எடுக்கச் சொல்லி 2024 ஏப்ரல்ல ஆன்லைன் கடைகளுக்கு ஒன்றிய அரசே சொன்னது. இதைப் பத்தித் தனியா ஒருநாள் எழுதறேன்.) அட்டையைக் கழட்டிட்டு, பிள்ளைங்களே சார்ட்ல டைம் டேபிள் வரைஞ்சு ஒட்டினாங்க. அட்டையைக் கழட்ட ரெண்டே நிமிஷம்தான் ஆச்சு.

வாசல் விவகாரம் அப்படி இல்லை.

கேட்டுக்கு எதிர்ல ஒரு பாட்டி கடை. எண்ணிப் பார்த்தேன், கேட்டுலிருந்து 22 எட்டு. ஆரஞ்சு கலர் குடல் அப்பளம், ரெண்டு ரூபா பாக்கெட்டுகள் சரம் சரமா, தேன் மிட்டாய், ஜவ்வு மிட்டாய், மிளகாய்ப்பொடி தூவின மாங்காய். பெற்றோர் கூட்டத்துல ஒருத்தர், "உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மனு போட்டா முடிஞ்சுது"ன்னார். தலையாட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. ஆனா பிஸ்கட் விஷயத்துல சூடு பட்டவ. ஒருதடவை பேசிப் பார்த்துடுவோம்னு போனேன்.

"பாக்கெட்டு அஞ்சு ரூவான்னா அம்பது காசு நிக்குமுங்க டாக்டரம்மா. அது கெடாது. இன்னைக்கு விக்கலீன்னா நாளைக்கு. கொய்யாப்பழம் வெச்சா ரெண்டு ரூவா நிக்கும், நான் இல்லீங்கல. ஆனா சாயங்காலத்துக்குள்ள போகோணும். போகலீன்னா என்ற கைக்காசு."

கெடாது. அந்த அம்மா சொன்ன அதே வார்த்தை.

பாட்டிகிட்ட ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுச் சொன்னேன். கலர் சாயம் போட்ட சாமான்ல பேச்சுக்கே இடமில்லை. 2024 பிப்ரவரியில பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு முழுக்கத் தடை பண்ணினது ஞாபகம் இருக்கும். அதுல ரோடமின் பி இருந்துச்சு. அது துணிக்கும் தோலுக்கும் போடற சாயம். சாயப்பட்டறை ஊர்ல இருக்கற பாட்டிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, "துணிக்குப் போடறதையா"ன்னு முகம் சுளிச்சாங்க. குடல் அப்பளமும் கலர் மிட்டாயும் அன்னைக்கே உள்ளே போயிடுச்சு.

பாக்கெட் சரத்துக்கு வேற ஏற்பாடு. வெட்டின கொய்யா, நெல்லிக்காய், அவிச்ச கடலை, சீசன்ல நாவல்பழம். சாயங்காலம் மிஞ்சினா முதல் மூணு மாசம் பள்ளியே பாதி விலைக்கு எடுத்துக்கும். மிஞ்சினது டீச்சர்களுக்கும் என் கிளினிக் ஸ்டாஃபுக்கும் போச்சு. அந்த மூணு மாசமும் எங்க கிளினிக்ல எல்லாரும் கொய்யாவாத் தின்னு தீர்த்தோம். பாட்டி பாக்கெட் சரத்தை முழுசா நிறுத்திட்டாங்களான்னு கேட்டா, இல்லை. உள்பக்கமா மாட்டியிருக்காங்க, பெரியவங்க கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. சட்டப்படி இது சரியான்னு என்னைக் கேக்காதீங்க. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையோட கண் உயரத்துல அது இப்ப தொங்கலை. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.

அடுத்து அந்தப் பத்து நாற்பது இன்டர்வெல். மதியச் சாப்பாடு பத்தி நமக்குக் கவலை கம்மி. 1920ல சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில ஆரம்பிச்சது, 1956ல காமராஜர் விரிச்சது, 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினது, அப்புறம் முட்டை வந்தது, கலவை சாதம் வந்ததுன்னு நூறு வருஷமா இந்த ஊர்ல யோசிச்சு வெச்ச ஏற்பாடு அது. கொண்டைக்கடலை புலவும் முட்டையும் போடற அன்னைக்கு, வீட்டுச் சாப்பாடு கொண்டு வர்ற பிள்ளைங்களே தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிக்கறதைப் பார்த்திருக்கேன். ஓட்டை காலையில இருந்துச்சு.

கணக்குப் போட்டோம். ஒரு பிள்ளைக்கு 20 கிராம் காய்ஞ்ச கடலை. 112 பிள்ளைக்கு ரெண்டேகால் கிலோ. தாளிப்பு, கேஸ் எல்லாம் சேர்த்தாலும் தலைக்கு மூணு ரூபாய்க்குள்ள. பிஸ்கட் பாக்கெட்டை விடக் கம்மி.

யார் அவிக்கறது? எல்லாரும் சத்துணவு அக்காவைப் பார்த்தாங்க. அவங்க வாங்கற சம்பளத்துக்கு ஏற்கெனவே செய்யற வேலையே ஜாஸ்தி. நல்ல திட்டம்னு பேர் சொல்லி, ஏற்கெனவே குனிஞ்சு நிக்கற ஆள் முதுகுல இன்னொரு மூட்டையை ஏத்தறது நமக்கெல்லாம் பழக்கமாப் போச்சு. அது வேண்டாம்னு சொல்லிட்டேன். பக்கத்துத் தெருவுல மெஸ் நடத்தறவர் அந்தப் பள்ளியோட பழைய மாணவர். "ராத்திரி ஊறப் போட்டு காலையில குக்கர்ல ஏத்திடறேன், கடலையை மட்டும் வாங்கிக் குடுங்க"ன்னார். கடலைக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி முதலாளியும் பழைய மாணவர்கள் சிலரும் ஆளுக்கு ஒரு மாசம்னு ஒத்துக்கிட்டாங்க.

காலாண்டு லீவு முடிஞ்சு அக்டோபர்ல ஆரம்பிச்சோம். திங்கள் கொண்டைக்கடலை, புதன் தட்டைப்பயறு, வெள்ளி அவிச்ச நிலக்கடலை. ஒண்ணாம் வகுப்புக்கு மட்டும் நல்லாக் குழைய அவிச்சது. (கடலையை வாயில போட்டுக்கிட்டு ஓடாதீங்கன்னு பிள்ளைங்களுக்கு நூறு தடவை சொல்லுங்க. மூச்சுக்குழாய்ல கடலை மாட்டி வந்த குழந்தைங்களைப் பார்த்தவ சொல்றேன்.) யார் என்ன டப்பா கொண்டு வந்தாங்கன்னு யாரும் பார்க்கறதில்லை. பிஸ்கட் கொண்டு வர்ற பிள்ளை பிஸ்கட்டையும் சாப்பிடட்டும். சுண்டல் எல்லாருக்கும். ஸ்டார் கிடையாது.

நாலு மாசத்துல பணம் நின்னுடுச்சு. ஜனவரி, பிப்ரவரியில வாரம் ஒருநாள்தான் ஓடுச்சு. அதையும் சொல்லிடறேன், ஏதோ சினிமா மாதிரி எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நீங்க நினைக்கக்கூடாது.

பிறந்தநாள் சாக்லேட் விவகாரத்துல ஒரு அப்பா என்கிட்டச் சண்டைக்கே வந்துட்டார். மாசத்துக்கு ஒருநாள், அந்த மாசம் பிறந்த எல்லாருக்கும் சேர்த்து, கடலை மிட்டாயோ கேசரியோன்னு முடிவாச்சு. மாசத்துக்கு ஒருநாள் இனிப்பு சாப்பிட்டா ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சர்க்கரைப் பலகை. 2025 மே மாசம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளையெல்லாம் இப்படி ஒரு பலகை வைக்கச் சொன்னது. எங்களுது அந்த போர்டு இல்லை, ஆனா நல்ல யோசனையை யார்கிட்ட இருந்து வேணா எடுத்துக்கலாம்ல? அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க பாக்கெட் அட்டைகளைப் பொறுக்கிட்டு வந்து பின்பக்கம் படிச்சு, கணக்குப் போட்டு, அந்த அளவு சீனியைச் சின்ன பிளாஸ்டிக் கவர்ல போட்டுப் பக்கத்துலயே ஒட்டினாங்க. 100 மில்லிக்கு 13 கிராம்னு போட்டிருக்கற மாம்பழ ஜூஸ் 150 மில்லி குடிச்சா ஏறக்குறைய 20 கிராம். நாலஞ்சு டீஸ்பூன். ரெண்டு வயசுக்கு மேற்பட்ட குழந்தைங்களுக்குச் சேர்க்கப்படற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு அமெரிக்க இதய சங்கம் சொல்லுது. ஒரே ஜூஸ்ல முக்கால்வாசி முடிஞ்சுது. இதை நான் மைக்ல சொன்னப்ப ஒரு பையனும் கண்டுக்கலை. அவங்களே சீனியை அள்ளி அளந்து பார்த்தப்ப, "டீச்சர், இவ்வளவா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறமும் ஜூஸ் குடிக்கறாங்க. ஆனா இப்ப அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டுக் குடிக்கறாங்க.

ஒண்ணாம் வகுப்புல இன்னொரு காரியமும் செஞ்சோம். எல்லாப் பிள்ளைங்களையும் தன் டப்பாவைத் தானே திறக்கச் சொன்னோம். ஒன்பது பேரால முடியலை. அந்த ஒன்பது வீட்டுக்கும் சொல்லி விட்டோம்: விலை உயர்ந்தது வேண்டாம், பிள்ளை கையால திறக்கற மூடி போதும். நான் போட்ட உணவு விதிகள்லயே உருப்படியான விதி இதுதான்னு எனக்கு ஒரு எண்ணம்.

2025 ஆகஸ்ட் 26 அன்னைக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புறத்துல இருக்கற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துச்சு. 2022 செப்டம்பர்லயே அரசுப் பள்ளிகள்ல தொடங்கி வெச்ச திட்டம்தான், எங்க பள்ளிக்கு வந்து சேர மூணு வருஷம் ஆச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட சாம்பார். சாம்பார்ல காய் கம்மியா இருக்கற நாளும் உண்டு, உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கற பிள்ளையும் உண்டு. இருக்கட்டும். பதினஞ்சு மணி நேரம் காலி வயிறோட ஒரு குழந்தை இனிமே வகுப்புல உட்காராது. ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்கற பட்டியலால இதைச் செய்யவே முடியாது. அடுப்பு எரியணும், சம்பளத்துக்கு ஒரு ஆள் சமைக்கணும், தினமும் நடக்கணும். காலைப் பசி அடங்கினதால சுண்டலையும் வாரம் ரெண்டு நாளாக் குறைச்சு, இருக்கற பணத்துல ஒழுங்கா ஓட்ட முடியுது.

எடை, உயரம் எல்லாம் ஆறு மாசத்துக்கு ஒருதடவை எடுக்கறேன். நூத்துச் சொச்சம் பிள்ளைங்களை வெச்சு இங்க நம்பர் போட்டுப் பெருமை பேச மாட்டேன். கழுத்து கறுத்த பிள்ளைங்க இன்னும் வர்றாங்க. அஞ்சாம் வகுப்புப் பசங்க ரெண்டு தெரு தள்ளி இருக்கற பேக்கரிக்குப் போறாங்க, அது 50 மீட்டருக்கு வெளியில.

அந்தப் பாப்பா இப்ப ரெண்டாம் வகுப்பு. போன புதன்கிழமை சளின்னு அம்மாவோட வந்திருந்தா. வெயிட்டிங் ஹால்ல உட்கார்ந்து டப்பாவைத் தானே திறந்து, உள்ளேயிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்துத் தின்னுக்கிட்டு இருந்தா. பக்கத்துல அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்டும் இருந்துச்சு. அம்மா என்னைப் பார்த்ததும் டக்குன்னு அதைப் பைக்குள்ள தள்ளினாங்க. "இருக்கட்டும்மா, சாப்பிடட்டும்"னேன். ஒன்றரை வருஷம் ஆகியும் என்னைப் பார்த்தா அந்த பாக்கெட்டை மறைக்கணும்னு அவங்களுக்குத் தோணுது.

நேத்து சாயங்காலம் பள்ளிக்கூடம் வழியா வந்தேன். பாட்டி கை காட்டி வண்டியை நிறுத்தினாங்க. "கொய்யா வெலை ஏறிப்போச்சுங்க டாக்டரம்மா. பிள்ளைங்க ரெண்டு ரூவாய்க்குத்தான் கேக்குதுங்க, எனக்குக் கட்டுபடியாக மாட்டீங்குது. மறுக்காவும் பாக்கெட்டையே முன்னாடி மாட்டிக்கட்டுங்களா?"

ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன். திருப்பூர் மார்க்கெட்ல கொய்யா மொத்தமா எடுக்கறவங்க யாராவது இதைப் படிச்சா இன்பாக்ஸ்ல வாங்க.